வக்கீலும் மௌனசாமியும்

ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூட்டத்தின் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. இடுப்பு போய் வேலையை விட்ட பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது இதெல்லாம் நர்ஸ்மார் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் நம்மைப் பைஸ்டாண்டர் என்கிறார்கள். வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அவர்களுக்குப் பதிலாக நாம் நோயாளியின் பக்கத்தில் நிற்கிறோம். நிற்கும்போது காதில் விழுகிற விஷயங்களை என்ன செய்வது? அதற்கு வகுப்பு கிடையாது. நான் ஒரு கட்டிலருகே நின்று தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

நான் பாறசாலைப் பக்கத்துக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். தமிழ் தெரியும் என்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு என்னை அனுப்புவார்கள். "ஆளு வாயே திறக்கமாட்டான்" என்று ஏஜென்சிக்காரர் போனில் சொல்லுவார். அதை ஒரு தகுதியாகத்தான் சொல்லுவார்.

அப்படி என்னை அனுப்பிய இடங்களில் ஒன்று ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நோயாளி வலியசாலையில் குடியிருந்த பெரியவர். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன், இங்கும் அப்படியே இருக்கட்டும். அவருக்குத் தொண்டையில் நோய். பேசினால் சொரசொரப்பான தரையில் பெட்டியை இழுப்பது போலிருக்கும். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணாச்சி அதைக் கேட்கிற ஆள் இல்லை.

முதல் நாளே தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காமிக்ஸ் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வாசிக்கத் தெரியுமாவே?"

"எழுத்துக் கூட்டி வாசிப்பேன் அண்ணாச்சி."

"அப்போ வாசியும். பேசத்தானே கூடாதுங்கான் டாக்டரு. கேக்கக் கூடாதுன்னு சொல்லல்லியே."

வாசித்தேன். கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒருவன் கடலில் விழுகிறான். பலூனுக்குள் 'ஆ' என்ற எழுத்து வரிசையாக இருந்தது. எத்தனை இருந்ததோ அத்தனையையும் விடாமல் வாசித்தேன். அண்ணாச்சிக்குச் சிரித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவன் சாகப் போறான்வே. நீரு பேங்க்ல டோக்கன் நம்பர் கூப்பிடுத மாதிரி வாசிக்கேரு."

அண்ணாச்சிக்கு இரண்டு கதாசிரியர்கள் முக்கியம். இரண்டு பேரும் வெளிநாட்டுக்காரர்கள். தமிழில் வந்த அவர்களுடைய புத்தகங்களையெல்லாம், கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக் கடையில் தொங்கிய காலத்திலிருந்து இப்போது கூரியரில் வருகிற காலம் வரை, வாங்கிச் சேர்த்திருந்தார். அவர்களின் பெயர் என் வாயில் நுழையவில்லை. அண்ணாச்சியும் அவர் மனைவியும் வைத்திருந்த பட்டப்பெயர்களே போதும். ஒருவர் வக்கீல். மற்றவர் மௌனசாமி.

வக்கீலின் கதையில் துறைமுகத்தில் துப்பறிகிற ஒரு கிழட்டு டாக்டர் வருவார். எல்லாரும் ஓயாமல் பேசுவார்கள். சுடுவதற்கு முன்னால் பேச்சு, சுடும்போது பேச்சு, குண்டு பட்டவன் விழுந்த பிறகும் பேச்சு. படத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். மேலே கட்டம் போட்டு 'மழை கொட்டிக்கொண்டிருந்தது' என்றும் எழுதியிருக்கும். "இவன் நம்மளை நம்பமாட்டான்" என்பார் அண்ணாச்சி. ஆனாலும் அவருக்கு வக்கீலைத்தான் பிடிக்கும். "கடையில நாள் முழுக்கக் கணக்கோட மல்லுக்கட்டிட்டு வருவேன். கணக்கு பேசாதுல்லா. இவன் பேசுவான். ஒரு ஆளு கூட இருக்க மாதிரி இருக்கும்."

மௌனசாமி அதற்கு நேர் எதிர். மலைக் கணவாயில் கோவேறு கழுதையோடு உப்பு கொண்டு போகிற ஒருவனைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார். பக்கம் பக்கமாக ஒரு வார்த்தை இருக்காது. எழுத்தே இல்லாமல் எழுதுகிறவரை எப்படிக் கதாசிரியர் என்பது என்று எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சி விளக்கினார். "எங்கே பனி, எங்கே காலடித்தடம், யாரு முகத்தைக் காட்டணும், யாரு முதுகைக் காட்டணும், எல்லாத்தையும் படம் வரையிறவனுக்கு இவன்தான் சொல்லணும். சொல்லிட்டு இவன் ஒதுங்கிருவான். நமக்குத்தான் அப்புறம் வேலை."

எனக்கு இரண்டு பேரையும்விட மூன்றாவது ஒருவரைப் பிடித்திருந்தது. அவர் கதையில் பக்கத்தின் கடைசிப் படத்தில் கட்டாயம் ஒரு கதவு திறக்கும், அல்லது ஒரு கை பின்னாலிருந்து வரும். பக்கத்தைத் திருப்பினால்தான் அது யார் என்று தெரியும். மெதுவாக வாசிக்கிறவனுக்கு அது நல்லது, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அண்ணாச்சி அவரை மதிக்கவில்லை. "அவன் மளிகைக் கடைக்காரன்வே. அடுத்த பொட்டலத்துல என்ன இருக்குன்னு காட்டாமலே வியாபாரம் பண்ணுவான்."

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் முழுதும் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. மதியத்தில் வீட்டு வேலை செய்கிற பெண் ஆட்டோவில் கூட்டி வந்து கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுப் போவாள். உடனே அண்ணாச்சி என் கையிலிருக்கும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வார். அக்காவுக்குக் கண் போனதிலிருந்து அவருக்குப் படம் படமாகக் கதை சொல்வது அண்ணாச்சிதான். அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

அக்காவின் கட்சி மௌனசாமி.

"மலை. பனி. நம்ம பொன்முடியில பாத்தோம்லா, அது மாதிரி இல்ல. கல்லு மாதிரிப் பனி. கழுதை காலை எடுத்து வைக்க யோசிக்கு."

"கழுதை என்ன நிறம்?"

"கறுப்பு வெள்ளைப் புஸ்தகம்ட்டி இது."

"உங்களுக்கு என்ன நிறமாத் தோணுது?"

அண்ணாச்சி புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "செங்கல் நிறம்" என்றார்.

"அப்படிச் சொல்லுங்கோ."

"வக்கீல் புஸ்தகம்னா இந்தக் கேள்வியே வராது. அவனே எழுதியிருப்பான்."

"அதுக்குத்தான் எனக்கு அவன் வேண்டாம். வக்கீல் புஸ்தகத்துல அவன் சொன்னதை நீங்க சொல்லுகேள். இதுல நீங்க சொல்லுகேள்."

அண்ணாச்சி பக்கத்தைத் திருப்பினார். தோற்றால் அவர் அப்படித்தான் செய்வார்.

ஒரு நாள் அவர்களுடைய மகன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பதற்றமானால் பாதி மலையாளம் வரும். "சேட்டா, வியாழக்கிழமை சர்ஜரி. குரல்பெட்டியை முழுசா எடுக்கணும். கழுத்துல துவாரம் போட்டு அது வழிதான் சுவாசம். பின்னே பேச்சு வராது. அப்பாட்ட சின்னக் கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கு. டாக்டர் சொல்றேன்னாரு. வேண்டாம், நானே சொல்லிக்கறேன்னு தடுத்துட்டேன். நீங்க ஒண்ணும் பறையண்டா, கேட்டோ."

தலையாட்டினேன். நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதை அன்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நாம் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சு வரும். தலையாட்டுவது சுலபம். அறைக்குள் திரும்பிப் போவதுதான் கஷ்டம்.

அறையில் அக்கா இருந்தார். மகனும் என் பின்னால் வந்தான். அக்கா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

"மக்ளே, ஆப்பரேஷன் முடிஞ்சா எப்ப பேசலாமாம்? உப்புக்காரன் கதை பாதியில நிக்கி."

"ஒரு மாசத்துல பேசலாம் அம்மா" என்றான். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அது தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரிந்தது.

மகன் அக்காவைக் கூட்டிக்கொண்டு கீழே போனதும் அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இவன் கொஞ்ச நாளா என் முகத்தைப் பாத்துப் பேசல்லே. மௌனசாமி கதையில ஒருத்தன் இப்படி முதுகைக் காட்டி நின்னா, அடுத்த பக்கத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியும்வே. உமக்கு விஷயம் தெரியுமா?"

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தெரியாது என்று சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு அந்த அறையில் அவர் நம்புவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். தெரியும் என்று சொல்லி விஷயத்தை உடைத்தால், அப்பாவுக்கு மகன் சொல்ல வேண்டியதை ஒரு கூலி ஆள் சொன்னதாக ஆகும். மகன் பிறகு அந்தக் கட்டிலருகே எப்படி உட்காருவான்?

"தெரியாதுன்னு சொல்லமாட்டேன் அண்ணாச்சி. சொல்ல வேண்டியது நான் இல்ல."

அவர் புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

"சரி. சொல்ல வேண்டியவனைக் கூட்டிட்டு வாரும்."

மாடிப்படியில் மகனைப் பிடித்தேன். அக்காவைக் கீழே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஏறி வந்துகொண்டிருந்தான். "அண்ணாச்சி கேக்காரு. அக்காவுக்குக் கண்ணு இல்ல. எழுதிக் காட்ட முடியாது. வியாழக்கிழமைக்கு அப்புறம் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல…" அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு அறியாதுன்னு நினைச்சீங்களா சேட்டா? ஆபீஸ்ல ஸ்க்ரீனைப் பாத்தா இது மட்டும்தான் ஓடுது. சொன்னா அப்பா சர்ஜரி வேண்டாம்னு சொல்லிடுவாரு. வேண்டாம்னு சொன்னா மூச்சடைச்சுச் சாகணும். அதையும் நான்தான் பாக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க சொல்லுங்களேன். ப்ளீஸ்."

"நான் சொல்லக் கூடாது தம்பி. பக்கத்துல நிக்கேன்."

நின்றேன். அவன் சொல்லி முடிக்கும் வரை கட்டிலின் தலைப்பக்கம் நின்றேன். வெளியே போய்விடத்தான் தோன்றியது. இந்த இடத்தில் எல்லாருக்கும் டீ வாங்கப் போகத் தோன்றும். போகாதீர்கள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "சின்னக் கட்டின்னு சொன்னியே மக்ளே. போகும்போது வீட்டையே எடுத்துட்டுப் போகுமாக்கும்" என்றார். மகன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் அவன் தலையில் கை வைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உங்க அம்மைக்கு யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேன் அப்பா."

"வேண்டாம். நான் சொல்லுகேன். இன்னும் குரலு இருக்குல்லா."

அக்காவை மேலே கூட்டி வந்தோம். அண்ணாச்சி எப்போதும் கதை சொல்கிற அதே குரலில் சொன்னார். துளை எங்கே வரும் என்று அக்காவின் விரலை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினார். அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு ஒரு கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் எல்லாருக்கும் கைகூடாது என்று டாக்டர் மகனிடம் சொன்னதையும் சொன்னார். "வேண்டாம்னு சொல்லிரவாட்டி? இருக்க வரைக்கும் பேசிட்டிருக்கலாம்லா."

அக்கா விரலை அவர் கழுத்திலிருந்து எடுக்காமல் இருந்தார்.

"செத்தாலும் பேசமாட்டேளே" என்றார் கடைசியில். "அதுக்கு இருந்துட்டுப் பேசாம இருங்கோ."

மறுநாள் மகன் ஒரு யோசனையோடு வந்தான். போனில் அப்பாவின் குரலைப் பதிந்து வைக்கலாம், அம்மா எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டிலிருந்து ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தான். அப்பாவுக்குப் பிடித்தது என்று மேலாக வக்கீலின் புத்தகங்களை அடுக்கியிருந்தான். அண்ணாச்சி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் யாரும் வாசிக்கலாம். எழுத்து அதிலேயே இருக்கு. நான் வேண்டாம், இந்த டோக்கன் நம்பர்காரன் கூட வாசிப்பான்."

உப்புக்காரனின் புத்தகங்களை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க வக்கீலுக்காக வாதாடிய மனிதர், மிச்சமிருந்த குரலை மௌனசாமிக்குக் கொடுத்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். கழுதை, பனி, வழியில் கிடந்த செத்த ஓநாய், விளக்கு எரியாத சத்திரம். ஒவ்வொரு படத்தையும் சொன்னார். எல்லாவற்றுக்கும் நிறம் சொன்னார். நடுவில் குரல் உடைந்து வெறும் காற்று வரும். தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் படத்தை முதலிலிருந்து சொல்லுவார். பேசாமல் இருக்கச் சொன்னேனே என்று நர்ஸ் வந்து மலையாளத்தில் கத்தினாள்.

"அங்கிளே, மிண்டாதிரிக்கணும்னு பறஞ்ஞதல்லே?"

"இனி அதுதானே மோளே வேலை" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் கடைசிப் புத்தகத்தின் பாதியில் குரல் நின்றது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் வரவில்லை. பக்கத்தை விரலால் தட்டி, போனை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

அறுவை முடிந்து அவரை அறைக்குக் கொண்டுவந்த பிறகு அக்கா வந்தார். கழுத்தில் கட்டு, துளையில் குழாய். ஆஸ்பத்திரியில் எழுதிக் காட்ட ஒரு சிறு பலகை கொடுத்திருந்தார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, "இருக்கேளா?" என்றார். அண்ணாச்சி அவசரமாகப் பலகையில் 'இருக்கேன்' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

பிடித்தபடியே இருந்தார். அது எவ்வளவு வீண் என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அக்கா பதில் வராமல் மறுபடி கேட்டார். நான் பலகையை வாங்கிக்கொண்டு, அண்ணாச்சியின் கையைக் கட்டில் கம்பி மேல் வைத்தேன். அவர் மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டினார். அக்கா, "ம்" என்றார்.

அன்று முதல் அதுதான் அவர்களுடைய பேச்சு. வலியசாலை வீட்டுக்கும் நான் கூடப் போனேன், அங்கேயும் கம்பி வைத்த இரும்புக் கட்டில்தான். கருவி அவருக்குக் கைகூடவில்லை. பதிந்து வைத்த கதைகளை அக்கா கேட்கவும் இல்லை. "ஆளு பக்கத்துல இருக்கும்போது எதுக்கு போனு?" என்பார். அண்ணாச்சி புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவார். திருப்புகிற சத்தத்தை வைத்து, ஞாபகத்திலிருந்து அக்கா கதை சொல்லுவார். தப்பாகச் சொன்னால் இரண்டு தட்டு. நடுநடுவே, பக்கம் திருப்பும் சத்தம் வரத் தாமதமானால், "இருக்கேளா?" என்று கேட்பார். ஒரு தட்டு வரும். கண் தெரிந்தவர்களுக்கு ஒருவர் பேசாமல் இருப்பதும் எழுந்து போவதும் வேறு வேறு. அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு நாளில் அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ தடவை கேட்பார். அண்ணாச்சி ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

மழை பிடித்த சமயத்தில் நோய் நெஞ்சில் திரும்பி வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை மகன் இந்த முறை இரண்டு பேரிடமும் நேராகச் சொன்னான். அவர்கள் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்கள்.

ஒரு மத்தியானம் மகன் ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றிக் கொண்டுவரப் போயிருந்தான். இன்னொரு சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கட்டிலின் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். அண்ணாச்சியின் மார்பு மேல் உப்புக்காரன் புத்தகம் திறந்திருந்தது. துளையில் சீறிக்கொண்டிருந்த மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, நின்றது. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துளையருகிலும் கழுத்து நாடியிலும் கை வைத்துப் பார்த்தேன். சிலிண்டரின் சத்தம் மட்டும் இருந்தது. அந்தச் சத்தத்தில் அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கேளா?" என்றார்.

கம்பியைப் பார்த்தேன். என் கையிலும் மோதிரம் உண்டு. ஒரு தட்டுத் தட்டினால் மகன் வரும்வரை தாங்கும். சொல்ல வேண்டியவன் வந்து சொல்லட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்திருந்த எனக்கு, இங்கேயும் காத்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அன்று அண்ணாச்சியால் கொஞ்ச நேரம் பொறுக்க முடிந்தது. இவர் இருட்டில் உட்கார்ந்து, இல்லாத ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இருக்கேளா?" இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது.

மூன்றாவது தடவை கேட்க விடக் கூடாது என்று நினைத்தேன்.

"இல்லக்கா" என்றேன்.

அக்கா கையை நீட்டிக் கம்பியைத் தடவி, அண்ணாச்சியின் விரல்களைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னேளே தம்பி" என்றார். "இல்லன்னா நான் கேட்டுட்டே இருந்திருப்பேன்."